கூவத்தில் ஆள்மாறாட்டம்! பெயர் மாற்றித் திரிந்த ஊதாப் பூ. பின்னணியில் ஒரு மந்திரி!!

சென்னை,
கூவம் பாலத்தில் பஸ் நிற்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே எட்டிப் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் தண்ணீர் தெரியாதபடி பச்சைப் பசேல் என்று இலை. நடுநடுவே கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. மேல் இதழில் மயில் இறகின் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. சாக்கடையில் இப்படி ஓர் அழகா!

"ஆகாயத் தாமரை சார்" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். பத்திரிகைகளிலும் அப்படித்தான் போடுகிறோம். அங்கேதான் ஆள்மாறாட்டம்!

அசல் ஆகாயத் தாமரை வேறு ஆள். குட்டி முட்டைக்கோஸ் மாதிரி தண்ணீரில் மிதக்கும். பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. சித்த மருந்தில் சேருவது அதுதான்.

கூவத்து ஆசாமியின் சரியான பெயர் வெங்காயத் தாமரை. இலைக் காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். உள்ளே பஞ்சு மாதிரி, முழுக்கக் காற்று. அதனால்தான் முழுகாமல் மிதக்கிறது.

சின்னக் குடும்பம்

சொந்த ஊர் தென் அமெரிக்கா. குடும்பம் சின்னது. உலகம் முழுக்கத் தேடினாலும் 30, 40 வகைதான் தேறும். எல்லாம் தண்ணீரிலும் சேற்றிலும் வாழ்பவை. நம் ஊர் நெல் வயலில் நீலப் பூவோடு முளைக்கும் களை ஒன்றும் இதற்குப் பங்காளிதான்.

குடும்பப் பெயர் பொன்டெடெரியேசி. வாயில் நுழையவில்லையா? அது ஒரு மனிதரின் பெயர். ஜூலியோ பொன்டெடெரா (1688-1757) என்பவர் இத்தாலியில் பதுவா நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ்தான் அவர் பெயரை இந்தச் செடி இனத்துக்கு வைத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூவின் ஆண், பெண் உறுப்புகளை எண்ணிச் செடிகளைப் பிரிக்கும் லின்னேயசின் முறையைப் பொன்டெடெரா ஒப்புக்கொள்ளவே இல்லை. தன்னை எதிர்த்தவருக்கே பெயர் சூட்டியிருக்கிறார் மனுஷர்!

மந்திரி வந்தார்

வெங்காயத் தாமரைக்கு 1820-களில் ஜெர்மன் நிபுணர் மார்ஷியஸ் வைத்த பெயர் பொன்டெடெரியா கிராசிப்பஸ். கிராசிப்பஸ் என்றால் லத்தீனில் தடித்த கால். நம்மவர்கள் வெங்காயம் என்று சொன்ன அதே காம்புதான் அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது.

1843-ல் குந்த் என்ற இன்னொரு ஜெர்மன்காரர் ஐக்கார்னியா என்று புது இனம் உண்டாக்கினார். ஐக்கார்ன் என்பவர் அப்போது பிரஷ்ய நாட்டுக் கல்வி மந்திரி. படித்தது சட்டம். வெங்காயத் தாமரையும் பிறகு அந்த இனத்தில் சேர்க்கப்பட்டு, மந்திரி பெயரிலேயே உலகம் சுற்றியது. 2018-ல் நிபுணர்கள் ஆராய்ந்து, "இது பொன்டெடெரியாதான்" என்று பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மந்திரி பதவி போயிற்று!

வங்காளத்துக்கு இது 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அழகுச் செடியாக வந்தது. ஆறு, குளம், படகு வழி எல்லாம் அடைத்தது. முதல் உலகப் போர் சமயத்தில் "ஜெர்மன்காரன் சதி" என்று புரளி கிளம்பியது. செடி ஜெர்மனி அல்ல, பெயர்தான் ஜெர்மனி! கடைசியில் இதை ஒழிக்க 1936-ல் வங்காளத்தில் தனிச் சட்டமே போட்டார்கள்.

சாக்கடையே சாப்பாடு

கழிவுநீர் என்றால் இதற்குப் பிரியாணி. வசதி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றுக்குள் 15 ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். மழைக்காலத்துக்கு முன் கால்வாயில் இயந்திரம் இறக்கி வாருகிறார்களே, வாரியதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் மறுபடி உள்ளே போய்விடும். மதகிலும் பாலத்தடியிலும் அடைத்துக்கொண்டால் வெள்ளம் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பும். யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, இதன் வேரில் ஒட்டிக்கொண்டுதான் மூச்சு விடுகிறது.

1980-களில் பெங்களூரில் இதைத் தின்னும் தென் அமெரிக்க வண்டுகளை ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் பலன் இருந்தது. ஆனால் சாக்கடை கலக்கிற இடத்தில் வண்டு தின்கிற வேகத்தைவிடச் செடி வளர்கிற வேகம் அதிகம். சாக்கடையை நிறுத்தாமல் வண்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொரு விஷயம். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை இதன் வேர் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூவத்தில் பிடுங்கியதை மாட்டுக்குப் போட வேண்டாம். நாட்டு மருந்துக்கு ஆகாயத் தாமரை கேட்டு, யாராவது ஊதாப் பூவோடு எடுத்து வந்தால், காம்பைத் தொட்டுப் பாருங்கள். வெங்காயம் மாதிரி உப்பியிருந்தால் ஆள் வேறு!