எவ்வளவு முறுக்கும்போது?

“அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது” என்று வந்து நிற்பவரிடம் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான்: “எப்போ தம்பி? கிளப்பும்போதா, பாதி முறுக்கும்போதா, ஃபுல்லா முறுக்கும்போதா?” எதுவும் கேட்காமல் திருப்புளியை எடுத்து ஏர் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்குபவரிடமிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. கார்புரேட்டரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளப் பழக நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அந்தக் கேள்விதான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வர ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறோமோ அதற்கேற்ப ஒரு வழி விட்டு இன்னொரு வழி பொறுப்பேற்கிறது. கோளாறு எந்த வழியில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் சின்ன அலுமினியப் பெட்டி செய்யும் வேலையின் அளவைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் எஞ்சினின் கொள்ளளவு 97.2 சிசி. ஒரு முறை முழு மூச்சாகக் காற்றை இழுத்தால் அதன் எடை ஏறத்தாழ 0.11 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அப்படியானால் அந்த ஒரு மூச்சுக்குத் தேவையான பெட்ரோல் சுமார் 8 மில்லிகிராம், ஒரு சொட்டுக்கும் குறைவு. ஐடிலிங்கில் இதிலும் ஒரு சிறு பங்கே போதும். அதை நொடிக்குப் பன்னிரண்டு முறை அளந்து தர வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஐம்பது முறை. மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது. சில துளைகள், ஓர் ஊசி, ஒரு மிதவை, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம், இவ்வளவுதான் மூலதனம். இத்தனை எளிய பொருள்களைக்கொண்டு இத்தனை நுட்பமாக அளக்கும் கருவி நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு தருகிறது.

எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்று அதைத் தள்ளுகிறது. ஒரு குழாயில் ஓடும் காற்று குறுகலான இடத்தைக் கடக்கும்போது வேகமெடுக்கும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738இல் எழுதிய விதி இது. குறுகலான குழாயில் நீரோட்டம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து 1797இல் வெளியிட்டவர் இத்தாலியரான ஜியோவன்னி பத்திஸ்தா வெஞ்சுரி. கார்புரேட்டரின் கழுத்துப் பகுதியை இன்றும் வெஞ்சுரி என்றே அழைக்கிறோம். அந்தக் கழுத்தில் காற்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே அழுத்தம் வெளியில் உள்ளதைவிட ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும். அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசம் பெட்ரோலைக் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். கார்புரேட்டரில் ஏற வேண்டிய உயரமோ சில சென்டிமீட்டர்கள்தான். கீழே இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஒரே அளவில் நிற்க வேண்டும் என்று ஃப்ளோட்டும் அதன் ஊசி வால்வும் பாடுபடுவது இதனால்தான். மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே கலவை மாறிவிடும்.

தள்ளுவது வெளிக்காற்று என்பதால், அது உள்ளே வரும் வழி அடைபட்டாலும் வண்டி நிற்கும். சில கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டி, டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றிழுத்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரை அதற்காகக் கழற்ற வேண்டியதே இல்லை.

இந்தக் கருவி வந்த கதையையும் பார்த்துவிடுவோம். ஆரம்ப கால எஞ்சின்களில் பெட்ரோலின் மேற்பரப்பு வழியாகவோ நனைந்த திரியின் வழியாகவோ காற்றை ஓட விட்டு ஆவியைச் சேர்த்தார்கள். பெட்ரோலைத் துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டருக்கு ஹங்கேரியின் தோனாத் பாங்கியும் யானோஷ் சோங்காவும் 1893இல் காப்புரிமை பெற்றார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் அதே காலத்தில் அதே வழிக்கு வந்து சேர்ந்தார். நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1955இல் புல்லட் தயாரிப்பு தொடங்கியது மெட்ராஸில். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு யூக்கால் நிறுவனம் கார்புரேட்டர்கள் செய்ததும் சென்னையை மையமாகக் கொண்டுதான். பழைய புல்லட்டின் கார்புரேட்டர் மேல் ‘மிக்கார்ப்’ என்று பொறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம். ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் போன்ற வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிள் நேராக ஒரு ஸ்லைடைத் தூக்குகிறது. ஸ்லைடு மூடியிருக்கும்போதும், முறுக்கில் எட்டில் ஒரு பங்கு வரையிலும் பெட்ரோல் தருவது பைலட் ஜெட் என்னும் சிறு துளை. இதையே ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். அதிலிருந்து கால் முறுக்கு வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கும் பகுதியின் உயரம் கலவையைத் தீர்மானிக்கிறது. கால் முதல் முக்கால் வரை ராஜாங்கம் நீடிலுடையது. ஸ்லைடோடு சேர்ந்து மேலேறும் இந்தக் கூர்ந்த ஊசி ஏற ஏற, அதைச் சுற்றியுள்ள இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுதலாக வரும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் அளவு முழுமையாகப் பேசத் தொடங்கும். எல்லைகள் கோடு கிழித்தாற்போல் இருக்காது, ஒன்றின் மேல் ஒன்று படரும். ஆனாலும் நோயைக் கண்டுபிடிக்க இந்த வரைபடம் போதும்.

வீட்டில் செய்துபார்க்க எளிய வழி உண்டு. ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். அதை ஒட்டிய ஸ்விட்ச் பெட்டியில் ஒற்றைக் கோடு. ஆளில்லாத சாலையில் ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங்கில் அணைந்து அணைந்து போகும் வண்டி அரை முறுக்கில் நன்றாக ஓடினால், பைலட் வழியில் அடைப்பு. மெயின் ஜெட்டைத் தொட வேலையே இல்லை. கிளம்பும்போது சரியாக இருந்து முழு முறுக்கில் மூச்சு வாங்கினால், அப்போது மெயின் ஜெட்டையும் பெட்ரோல் டேப்பின் வடிகட்டியையும் பாருங்கள். பல்சர் வரிசையில் பல வண்டிகளில் கேபிள் ஒரு தட்டு வால்வை மட்டும் திறக்கும். ஸ்லைடை வெற்றிடம் தூக்கும். அவற்றில் கைப்பிடிக் கோட்டையும் ஊசியின் உயரத்தையும் இவ்வளவு நேராகப் பொருத்த முடியாது. கற்றுக்கொள்ளக் கேபிள் ஸ்லைடு வண்டியே சிறந்தது.

திருப்புளியைத் தொடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. கார்புரேட்டர் மேல் சுமத்தப்படும் புகார்களில் பல அதற்குச் சொந்தமானவையே அல்ல. ஏர் ஃபில்டரில் தூசு அடைத்தால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் மிகும். டேப்பட் இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் ஐடிலிங் தடுமாறும். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தால் மிஸ் அடிக்கும். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருந்தால் அளக்கப்படாத காற்று பக்கவாட்டில் புகுந்து கலவையை லீன் ஆக்கும், அதாவது காற்று மிகும். அந்த வண்டி சோக் போட்டால் மட்டும் ஒழுங்காக ஓடும். ஐடிலிங்கில் அந்த ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. இவை எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கார்புரேட்டரின் முறை. இந்த வரிசையை மாற்றுகிறவர், ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைத்துவிட்டு வண்டி சரியாகிவிட்டதாக நம்புவார்.

கழற்றும்போது பெட்ரோல் டேப்பை மூடுங்கள், திறந்த வெளியில் உட்காருங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். ஜெட்டுகள் பித்தளையில் செய்தவை, மென்மையானவை. அளவு சரியான திருப்புளி இல்லையென்றால் தலை மழுங்கிவிடும். அதைவிட முக்கியமானது, ஜெட் துளையில் கம்பி விடக் கூடாது என்பது. துளை வழியே போகும் பெட்ரோலின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் துளையைக் கம்பி 1.05 ஆகத் தேய்த்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த 5 சதவீதம் பெட்ரோலில் 10 சதவீதமாக வந்து நிற்கும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றுப் பீய்ச்சலும் போதும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஜெட்டின் மேல் பொறித்த எண்ணையும் குறித்து வையுங்கள். சில நிறுவனங்களில் அது துளையின் விட்டம், சிலவற்றில் வழிந்தோடும் அளவு. ஆகவே ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. எண்ணே இல்லாமல் விற்கும் மலிவு ஜெட்டை வாங்காதீர்கள். என்ன அளவு என்று தெரியாத ஒன்றைப் போட்டு எதையும் டியூன் செய்ய முடியாது.

ஐடிலிங்கைச் சரிசெய்வது காதால் செய்யும் வேலை. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். முதலில் கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். பழைய இடத்துக்கே கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்து, கால் கால் சுற்றாகத் திருகிக்கொண்டே கேளுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் தானாகவே வேகமெடுத்துச் சீராகப் பாடும். இரு பக்கமும் தாண்டிப் பார்த்து அந்த உச்சத்துக்குத் திரும்புங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, மீண்டும் ஒருமுறை உச்சத்தைத் தேடுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு 1400 ஆர்பிஎம்மை ஒட்டி நின்றால் சரி. கலவை ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் லீன். இதை அறியாமல் திருகுபவருக்கு எதிர்த்திசையிலேயே பயணம். உங்கள் காது சொன்னதைச் சரிபார்க்கப் புகைப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறது. 2000களில் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை அனுமதி. பாஸா ஃபெயிலா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த எண்ணைப் படியுங்கள்; டியூன் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

நீடிலின் தலையில் பொதுவாக ஐந்து வெட்டுகளும் அதில் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து நடுப்பகுதி ரிச் ஆகும். ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரி படிந்திருந்தால் ரிச், சாம்பல் வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன், வெளிர் பழுப்பு நல்லது. இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் பலன் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மைலேஜ் ஆசையில் லீன் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லீன் கலவை எஞ்சினைச் சூடாக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் அது பிஸ்டன் ஜாம் வரை போகும்.

இவ்வளவு துல்லியமாக வைத்த வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப் போனால் என்ன ஆகும்? 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே போகும் காற்றின் எடை அதே அளவில் குறைகிறது. பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. கணக்குப் போட்டால் கலவை சுமார் 12 சதவீதம் ரிச் ஆகிறது. மலையேற ஏற பைக் மந்தமாவதில் காற்று குறைந்ததற்கு ஒரு பங்கு, இந்தக் கணக்குக்கு இன்னொரு பங்கு. கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி அழுத்தத்தை சென்சாரால் அறிந்து தானே திருத்திக்கொள்ளும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது பெரும்பாலான புதிய பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றதற்கு, இப்படித் தானே திருத்திக்கொள்ள அதனால் முடியாததும் ஒரு காரணம்.

ஆனால் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றுக்கு இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய 9 பங்கு காற்றே போதும். கலந்த எரிபொருளுக்கு 14.7 என்பது 13.5 அளவுக்கு இறங்குகிறது. அதே ஜெட், அதே ஊசி, ஆனால் கலவை 8 சதவீதம் லீன். ரிச்சாக வைத்திருந்த வண்டிக்கு இது தெரியவே தெரியாது. மைலேஜுக்காக லீன் ஓரத்தில் வைத்திருந்த வண்டிதான் நடு முறுக்கில் தயங்கும், பிளக் வெளுக்கும். அப்படித் தெரிந்தால் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாற்றி மறுபடி பிளக்கைப் பாருங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் வளையங்களையும் பதம்பார்க்கும். வண்டியைப் பல வாரம் நிறுத்திவைக்கப் போகிறீர்களென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் அது எத்தனாலோடு கலந்த தண்ணீர். அப்படியானால் டேங்கையும் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த முறை கிக்கரை உதைக்க வேண்டும்.