செயலியும் அதன் உரிமமும்



உரிமம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. செம்பனைக் குலையை விற்க வேண்டுமானால் சிறுதோட்டக்காரரும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். லாரி ஓட்டுபவர் சட்டைப் பையிலும் ஓர் உரிமம் இருக்கிறது. இன்ன வேலையை இன்ன வரம்புக்குள் செய்யலாம் என்று ஒருவர் தரும் அனுமதியே உரிமம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, கைப்பேசியில் இயங்கும் தொழிற்செயலிகளின் உரிமத்தைப் பற்றி.

"இது பெரிய கம்பெனிகளின் கவலை, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று மூவார் பட்டணத்திலும், பாகோ, புக்கிட் பாசிர் பக்கங்களிலும் சொந்தத் தொழில் செய்கிறார்கள். ஒருவர் குலை ஏற்றும் லாரி வைத்திருக்கிறார். ஒருவர் விருந்துச் சமையல் எடுக்கிறார். ஒருவர் மரச்சாமான் ஆலைக்கு ஆள் அனுப்புகிறார். நேற்றுவரை கணக்குப் புத்தகத்தில் எழுதியதை இன்று கைப்பேசியில் பதிகிறார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கவலையும்தான்.

முன்பெல்லாம் ஒரு தொழிலுக்கென்று தனிச் செயலி வேண்டுமானால் நிரல் எழுதத் தெரிந்தவரை அமர்த்த வேண்டும், பெருஞ்செலவு ஆகும். இப்போது 'லோ-கோட்' எனப்படும் மேடைகள் வந்துவிட்டன. நிரல் அதிகம் எழுதாமலே செயலி செய்துகொள்ளலாம் என்பது இதன் பொருள். மூவாரில் செய்யும் மேசை நாற்காலிகள் பல, பகுதி பகுதியாகப் பெட்டியில் அடைக்கப்பட்டு வெளிநாடு போகின்றன அல்லவா? வாங்கியவர் திருகாணியை முடுக்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்கிறார். லோ-கோட் மேடையும் அப்படித்தான். பெயர் எழுதும் கட்டம், எடை எழுதும் கட்டம், படம் எடுக்கும் பொத்தான் எல்லாம் ஆயத்தமாக இருக்கும். நாம் வரிசைப்படுத்திப் பொருத்தினால் செயலி ஆகிவிடும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேசையை வாங்கினால் அது நம்முடையது. செயலியை நாமே பூட்டினாலும் அது நிற்கும் இடம் மேடைக்காரருடையது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலில் முருங்கை நட்டோம். பின்புறம் கோழிக்கூடு கட்டினோம். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தோம். வேலை முடிந்த அன்று வீடு நம்முடையதாக இல்லை. செயலியிலும் நாம் குடியிருப்பவர்களே. எந்த நிபந்தனையில் குடியிருக்கிறோம் என்பதைச் சொல்வதுதான் உரிமம்.

எங்கள் பள்ளியில் படித்தவர் ஒருவர் இரண்டு லாரிகள் வைத்துக் குலை ஏற்றுகிறார். உறவுக்காரத் தம்பி ஒருவர், இலவசமாகக் கிடைத்த ஒரு மேடையில் அவருக்குச் செயலி செய்து கொடுத்தார். எத்தனை நடை, எத்தனை டன், யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் அதில் ஏறியது. எட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். கணக்கு அவருடைய பழைய மின்னஞ்சலில் இருந்தது. இலவச வரம்பு முடிந்தது, கட்டணம் செலுத்துங்கள் என்று வந்த கடிதங்களும் அங்கேயே போயின, அவர் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் செயலி திறக்கவில்லை. அந்த மாத நடைக்கூலிக்காகக் காத்திருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவருடைய தாயார், ஆலை கொடுத்த எடைச் சீட்டுகளை ஒன்று விடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் கூலி கொடுக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா காப்பாற்றியது மகனுடைய பெயரை மட்டுமன்று, பலருடைய உழைப்பையும்தான்.

இனி உரிம வகைகளைப் பார்ப்போம். பதினைந்து பேர் செயலியைப் பயன்படுத்தும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் கட்டணங்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை.

முதல் வகை, ஆளுக்கு இவ்வளவு என்பது. ஆளுக்கு மாதம் 20 வெள்ளி என்றால் பதினைந்து பேருக்கு 300 வெள்ளி. ஆண்டுக்கு 3,600 வெள்ளி. இதில் ஒருவர் பல செயலிகளைத் திறக்கலாம்.

இரண்டாம் வகை, ஆளுக்கு ஒரு செயலிக்கு இவ்வளவு என்பது. 8 வெள்ளி என்றால் மாதம் 120 வெள்ளிதான். மலிவாகத் தோன்றும். ஆனால் எடைக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, லாரிப் பழுதுக்கு ஒன்று என மூன்று செயலி ஆனால் 360 வெள்ளி ஆகிவிடும். முதல் வகையை மிஞ்சிவிடும். ஒரே வேலைக்கு இரண்டாம் வகை, பல வேலைக்கு முதல் வகை எனலாம்.

மூன்றாம் வகை, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். அந்த மாதம் யார் யார் திறந்தார்களோ அவர்களுக்கு மட்டும் காசு. ஆனால் தலைக்கட்டணம் கூடுதலாக இருக்கும். 16 வெள்ளி என்று வைப்போம். குலை குறைந்த மாதத்தில் ஐந்து பேர் திறந்தால் 80 வெள்ளி. குலை மிகுந்த மாதத்தில் பதினைந்து பேரும் திறந்தால் 240 வெள்ளி. ஏழு பேர்வரை இது லாபம். எட்டாவது ஆள் திறந்தவுடன் இரண்டாம் வகையே மேல். நம் தொழிலில் எந்தெந்த மாதம் எத்தனை பேர் என்று எழுதிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

செலவை மிச்சப்படுத்தச் சிலர் ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் ஐந்து பேரிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆளுக்குக் கட்டணம் என்ற உரிமத்தில் இது ஒப்பந்தத்தை மீறுவதாகும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எடையைத் தவறாகப் பதிந்தவர் மண்டோரா, லாரிக்காரரா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பழி ஏழைத் தொழிலாளி தலையில் விழும்.

இந்த மேடைகள் எங்கிருந்து வருகின்றன? ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. 2009-இல் இன்றைய பெயரை ஏற்றது. அதன் சோஹோ கிரியேட்டர் என்னும் மேடை 2006-இல் வெளிவந்தது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அந்நிறுவனத்தார் வேலை செய்கிறார்கள். அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ் என்ற மேடையை 2016-இல் கொண்டுவந்தது. ஆப்ஷீட் என்ற மேடையை கூகுள் நிறுவனம் 2020-இல் வாங்கிக்கொண்டது.

உரிமத்தின் விதிகள் கல்வெட்டு அல்ல என்பதற்கு பவர் ஆப்ஸே சான்று. 2019 அக்டோபரில் அதன் உரிம வகைகள் மாற்றப்பட்டன. செயலியைப் பெரிய தரவுக் கிடங்குகளோடு இணைக்கும் சில வசதிகளும் அப்போது உயர்கட்டண வகைக்கு மாறின. 2021 அக்டோபரில் விலை பாதியானது: ஆள்வாரி உரிமம் 40 டாலரிலிருந்து 20 டாலருக்கும், செயலிவாரி உரிமம் 10 டாலரிலிருந்து 5 டாலருக்கும் இறங்கின. அதே ஆண்டின் இறுதியில் பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் என்ற முறையும் வந்தது. ஏறினாலும் இறங்கினாலும் முடிவு மேடைக்காரர் கையில். ஆகவே சென்ற ஆண்டு ஒருவர் சொன்ன விலையை நம்பி இறங்கக்கூடாது.

விலைப்பட்டியல் பெரும்பாலும் டாலரில் இருக்கும். வெள்ளியின் மதிப்பு இறங்கினால் நம் செலவு ஏறும். அதோடு, வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. நாம் சொன்ன 3,600 வெள்ளி வரியோடு 3,888 வெள்ளி ஆகும்.

நான்காவது வழி ஒன்று உண்டு. அதைத் திறந்த மூல மென்பொருள் என்பார்கள். மும்பையில் உருவான ஃப்ராப்பே, இ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஆகியவை இவ்வகை. மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. எடுத்து நம் கணினியிலேயே நிறுவலாம், மாற்றலாம். ஆனால் 'இலவசம்' என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம். அதை நிறுத்திவைக்க இடவாடகை உண்டு. பழுது பார்க்க ஆள் வேண்டும். சொந்த வீட்டுக்குக் கூரை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பல்லவா?

தனியொருவருக்கு அது பாரமானால் பலர் சேரலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். நான்கு லாரிக்காரர்கள் சேர்ந்து ஒரு செயலியை வைத்துக்கொள்வது அதைவிடக் கடினமான காரியமன்று.

எந்த வழியில் போனாலும், குடிபுகுமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கணக்கு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது? இலவச வரம்பு எப்போது, எதனால் முடியும்? இன்னும் ஐந்து பேர் சேர்ந்தால், இன்னொரு செயலி சேர்ந்தால் கட்டணம் எவ்வளவு? விட்டுப் போகும் நாளில் நம் கணக்குகளை எல்லாம் அட்டவணையாக இறக்கிக்கொள்ள முடியுமா? நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத மேடை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பதில் கிடைத்தாலும், மாதம் ஒருமுறை இறக்கி வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளே, இன்று இரவு உங்கள் அண்ணனோ மாமாவோ தொழிலுக்குச் செயலி வைத்திருந்தால் இந்த நான்கையும் கேளுங்கள். தாய்மார்களே, எடைச் சீட்டுகளை அந்த பிஸ்கட் டின்னிலேயே போட்டு வையுங்கள். செயலி வந்துவிட்டது என்று அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.