தொண்டையில் தங்கிவிட்ட தடம்

லிதுவேனிய மொழியில் ‘ஷௌக்’ என்று ஆணையிட்டால், கேட்பவர் சுடவும் செய்யலாம், கத்தவும் செய்யலாம். முன்பாதியில் ஓங்கி இறங்கினால் ‘சுடு’. பின்பாதிக்குக் கனம் ஏறினால் ‘கத்து’. முன்னது இறங்குசுரம், பின்னது ஏறுசுரம். எழுத்தில் இரண்டும் ஒன்றே; அகராதிதான் குறியிட்டுக் காட்டும்.

கேள்வி, வியப்பு என வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் இதே குரலில்தான் ஓட வேண்டும். அதனால் சுருதியை மட்டும் நம்பினால் குழப்பம். ஈருயிர் ஒலிகளில் எந்தப் பாதி நீள்கிறது என்பதும் பொருளைக் காக்கிறது. வெறும் நெடில்களில் இந்த வேறுபாடு பலர் பேச்சில் மங்கிவருகிறது.

அழுத்தம் பெறும் அசையில்தான் இந்தச் சுரம் கேட்கும். அழுத்தமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. ‘தலை’ எழுவாயாக வந்தால் ஈற்றசையில் அழுத்தம். ‘தலையை’ என்றால் முதலசையில். ஆனால் ‘லியேபா’ என்ற மரப்பெயரில் அது அசையவே அசையாது. சில சொற்களில் அழுத்தத்தை நகர்த்தியதே சுரம்தான் என்று 1890களில் காட்டியவர் மொழியறிஞர் ஃபெர்டினாண்ட் டி சொசூர்: முன்னசை குறிலாகவோ ஏறுசுரமாகவோ இருந்து, அடுத்த அசை பழைய இறங்குசுரம் கொண்டிருந்தால், அழுத்தம் அங்கே தாவிவிடும். சுரத்துக்கு இடம் தருவது அழுத்தம். அந்த அழுத்தத்தையே இழுப்பது சுரம்!

பக்கத்து உறவுமொழியான லாத்வியத்தில் அழுத்தத்தின் இந்த ஆட்டம் நின்றுபோனது. அநேகமாக எல்லாச் சொல்லிலும் முதலசைக்கே அழுத்தம். லிவோனிய மொழியின் சகவாசம் இதற்குக் காரணம் என்பார்கள். சுரங்களோ போகவில்லை. சமம், இறக்கம், முறிவு என மூன்று. முறிவில் குரல்வளை நடுவழியில் இறுகி, ஒலி ஒருகணம் விக்கித் தொடரும். ‘ஸாலே’யைச் சமமாகச் சொன்னால் மண்டபம், முறித்தால் புல். வால்மியேரா வட்டாரத்தில் மூன்றும் வாழ்கின்றன. ரீகாவில் இரண்டாகச் சுருங்கியிருக்கின்றன.

முறிவு எங்கிருந்து வந்தது? விடை சொன்னவர் லாத்விய மொழியறிஞர் யானிஸ் எண்ட்ஸெலின்ஸ். லிதுவேனியத்தில் இறங்குசுரம் பெறும் சொற்களை எடுத்துக்கொண்டார். லியேபாவைப் போல அழுத்தம் நகராதவை லாத்வியத்தில் சமசுரம் பெறுகின்றன. ‘தலை’யைப் போல நகர்பவை முறிகின்றன. லாத்வியரின் நாவில் அழுத்தம் நகர்வது நின்று பல நூற்றாண்டுகள் ஆகின்றன. எந்தச் சொல்லில் அது நகர்ந்தது என்பதை அவர்கள் தொண்டை இன்னும் பிரித்துக் காட்டுகிறது. எனக்கு இதுவே சொசூரின் விதியைவிடப் பெரிய அதிசயம்.

இவ்விரண்டுக்கும் மூன்றாவது உறவுமொழியான பழைய பிரஷ்யம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. 1561இல் அம்மொழியில் அச்சான சமயவினாவிடை நூலில் சில உயிரெழுத்துகளின் மேல் சிறு கோடுகள் உண்டு. ஈருயிர் ஒலியில் எந்தப் பாதி ஓங்கியது என்பதை அவை காட்டுகின்றன. அந்தக் கோடுகளோடு ஒத்துப்போவது லாத்வியம். ஏற்றத்தையும் இறக்கத்தையும் தலைகீழாக்கிக்கொண்டது, பழமை மாறாதது என்று பெயர்பெற்ற லிதுவேனியம்தான்.