டோபமைனுக்குக் கடிவாளமும் சாட்டையும்

ரமழானில் அஸர் தொழுகை முடிந்ததும் கல்முனைப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வாங்கச் சிறுவர்கள் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பார்கள். ரம்பையும் இஞ்சியும் கலந்த மணம் தெருவரை வரும். மஃரிப் பாங்கு ஒலித்ததும், பேரீச்சம்பழம் நாவில் படுமுன்பே மனசு குளிர்ந்துவிடும்.

இந்த எதிர்பார்ப்பின் பின்னால் டோபமைன் என்ற மூளை இரசாயனம் இருக்கிறது. பழக்கப்பட்ட குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்கள் பழச்சாறு கிடைக்கும்போதல்ல, அது வரப்போவதைச் சொல்லும் சைகை தெரிந்ததுமே துடிப்பதை வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் 1990களில் காட்டினார். அந்த அணுக்கள் நடுமூளையில் இருக்கின்றன. அவை டோபமைனைச் சுரப்பது முன்மூளையின் அடியிலுள்ள 'நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ்' பகுதியில்.

எவ்வளவு சுரப்பது என்பதில் செரோட்டோனின் என்ற இன்னொரு மூளை இரசாயனத்துக்கும் பங்குண்டு. மூளைத்தண்டின் ரஃபே அணுக்கள் அதை அந்த இரண்டு இடங்களுக்கும் அனுப்புகின்றன. செரோட்டோனின் டோபமைனைக் கூட்டுமா, குறைக்குமா?

இரண்டும் செய்யும். அதற்கு 14 வகை ஏற்பிகள் உண்டு. எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. 5-எச்டி2சி ஏற்பி நடுமூளையில் 'காபா' என்ற அடக்கும் இரசாயனத்தைச் சுரக்கும் அணுக்களை உசுப்பிவிடும், டோபமைன் குறையும். 5-எச்டி1பி ஏற்பியோ அதே காபாவின் சுரப்பைத் தடுக்கும், டோபமைன் கூடும். முன்மூளைப் புறணியிலுள்ள 5-எச்டி2ஏ ஏற்பியும் பெரும்பாலும் கூட்டும் பக்கமே.

2சி ஏற்பியைத் தூண்டி உணவு நாட்டத்தைக் குறைக்க வந்த லோர்காசெரின் குளிசைக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி கொடுத்தது. புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுவது தெரிந்ததும் 2020இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவொக்செட்டின் போன்ற குளிசைகள் ஒரு ஏற்பியை மட்டும் தேடிப் போவதில்லை. செரோட்டோனின் அளவையே கூட்டுவதால் பல ஏற்பிகள் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். இவற்றை எடுப்போரில் சிலர் "எதிலும் விருப்பமில்லாமல் கிடக்கு" என்பார்கள். 2சி வழியாக டோபமைன் குறைவதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதற்காகவோ நோன்புக்காகவோ குளிசையைத் திடீரென நிறுத்தக் கூடாது. தலைச்சுற்று, தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டால், பல குளிசைகளின் நேரத்தை சஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றித் தருவார். மனநல ஆலோசனைக்கு இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.