வெயிலில் மரம் அறுப்போருக்குக் கால் கவசம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

வடமதுரை, அய்யலூர், எரியோடு வட்டாரத்தில் புளி உலுக்கி முடிந்து, மானாவாரி நிலங்கள் வெறுமனே கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் மரம் அறுக்கும் வேலை அதிகம். ஆடிப் பட்டத்திற்குள் நிலத்தைத் திருத்திவிட வேண்டும் என்று சீமைக் கருவேலை அகற்றுகிறார்கள். காய்ப்பு நின்ற தென்னை, காற்றில் முறிந்த புளியங்கிளை, வரப்போரத்து வேம்பு எல்லாம் இந்தச் சமயத்தில்தான் அறுபடுகின்றன.

கோடரியும் இழுப்பு ரம்பமும் செய்துவந்த வேலையை இப்போது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்கிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அகற்ற இந்த மிஷின்களே கைகொடுத்தன. சீமைக் கருவேல் போன்ற அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது. ஆகவே இந்த மிஷினின் உபயோகம் இனிமேல் குறையப் போவதில்லை.

மிஷின் வந்துவிட்டது, அதற்குரிய உடை வந்து சேரவில்லை. மடித்துக் கட்டிய கைலி, ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு என்ற கோலத்தில்தான் பலரும் மரம் அறுக்கிறார்கள். காலுக்குக் காப்பு உடை உண்டு என்று சொன்னால், "இந்த வெயிலில் அந்தக் கனத்த பேண்ட்டை யார் போடுவது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். வெயிலைக் கணக்கில் கொண்டு பொறுக்கி எடுத்தால் இதற்கு வழி உண்டு.

அடி படுவது எங்கே?

சங்கிலி ரம்பத்தைப் பிடிப்பவர் வலக் கையால் பின்பிடியையும் விசையையும், இடக் கையால் முன்பிடியையும் பிடிக்கிறார். இடது கால் சற்று முன்னால் இருக்கிறது. கிளை அறுந்து முடிந்ததும் எதிர்ப்பு இல்லாமல் போகவே, ரம்பம் தன் கனத்தால் கீழே இறங்குகிறது. இறங்கும் வழியில் இருப்பது இடது தொடையும் முழங்காலும்தான். விசையை விட்ட பிறகும் சங்கிலி சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் அடுத்த கிளைக்குக் கால் எடுத்து வைத்தாலும் ஆபத்து.

சீமைக் கருவேலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தரையிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து வளர்வதால் குனிந்து, காலுக்கு அருகிலேயே அறுக்க வேண்டியிருக்கிறது. வளைந்து நிற்கும் கிளை அறுந்ததும் விண்ணென்று தெறித்து ரம்பத்தைத் தள்ளிவிடும்.

தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. முழங்கால் நரம்போ தசைநாரோ அறுபட்டால், உயிர் பிழைத்தாலும் ஏர் பிடிப்பதும் வரப்பில் நடப்பதும் கடினம். இரண்டு ஏக்கரை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு ஆடி விதைப்பே தவறிப் போகும்.

கவசம் வேலை செய்யும் விதம்

கவசம் என்றவுடன் இரும்புத் தகடு போல ரம்பத்தைத் தடுக்கும் என்று நினைக்கக் கூடாது. சைக்கிளின் பின்சக்கரத்தில் சேலைத் தலைப்பு சிக்கினால் என்ன ஆகிறது? துணி சுற்றிக்கொண்டு சக்கரம் அப்படியே நின்றுவிடுகிறது. கால் கவசமும் இந்த முறையில்தான் வேலை செய்கிறது.

மேல் துணிக்குள் நைலான், பாலியெஸ்டர், கெவ்லார் போன்ற நூல்களால் ஆன பல அடுக்குகள் தளர்வாக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி மேல் துணியைக் கிழித்ததும் அதன் பற்கள் உள்ளே உள்ள நீண்ட இழைகளைப் பற்றி இழுக்கும். இழைகள் உருவிக்கொண்டு வந்து, சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஒரு நொடிக்குள் சங்கிலி நின்றுவிடும்.

அமெரிக்க வன இலாகா 1965-லேயே இத்தகைய கவசத்தைத் தன் தொழிலாளருக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. முதலில் நைலானில் செய்தார்கள். 1981-ல் கெவ்லார் நூலைச் சேர்த்தார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். கனத்த ஜீன்ஸ் பேண்ட், தார்ப்பாய்த் துணி, ரெக்சின், சாக்கு, வெல்டிங் பட்டறையின் தோல் உறை ஆகியவை சங்கிலியை நிறுத்த மாட்டா. அவற்றின் இழைகள் அறுந்துபோகுமே தவிர உருவிக்கொண்டு வந்து சுற்றிக்கொள்வதில்லை. புல் வெட்டும் மிஷினுக்கென்று விற்கும் முழங்கால் தகடும் இதற்கு ஆகாது. அது கல் தெறிப்பதைத் தடுப்பதற்கு மட்டுமே. கைலியோ காலைக் காப்பதில்லை; தொங்கும் நுனி சங்கிலியில் சிக்கினால் காலையும் சேர்த்து இழுத்துவிடும்.

இரண்டு வகைகள்

முதல் வகை, முழு பேண்ட். இதை மற்ற பேண்ட் போலவே அணியலாம்.

இரண்டாவது வகை, முன்கவசம். கடைகளில் "சாப்ஸ்" என்று கேட்க வேண்டும். இடுப்பில் பெல்ட்டாகக் கட்டி, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பின்னால் பட்டைகளால் மாட்டிக்கொள்வது. காலின் முன்பக்கத்தை மட்டும் மூடும், பின்பக்கம் திறந்திருக்கும்.

முழு பேண்ட்டிலும் காப்பு அடுக்கு எவ்வளவு தூரம் சுற்றி வருகிறது என்பதைக் கொண்டு 'ஏ', 'பி', 'சி' என்று பிரித்திருக்கிறார்கள். 'ஏ' ரகத்தில் முன்பக்கம் முழுவதும் காப்பு உண்டு. வலது காலின் உட்பக்கத்திலும் இடது காலின் வெளிப்பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். 'பி' ரகத்தில் இடது காலின் உட்பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் சேரும். 'சி' ரகத்தில் கால் முழுவதும் சுற்றிலும் காப்பு உண்டு.

எண்ணைப் பார்த்து வாங்குக

உடையின் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் சங்கிலி ரம்பத்தின் படம் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 11393-2 என்ற தர எண்ணோ, அதற்கு முந்தைய ஈ.என். 381-5 என்ற எண்ணோ இருக்க வேண்டும். அதோடு வகுப்பும் குறிக்கப்பட்டிருக்கும். எந்த வேகத்தில் ஓடும் சங்கிலியைக் கவசம் சோதனையில் நிறுத்தியது என்பதை வகுப்பு எண் காட்டுகிறது:

வகுப்பு 0: வினாடிக்கு 16 மீட்டர்
வகுப்பு 1: வினாடிக்கு 20 மீட்டர்
வகுப்பு 2: வினாடிக்கு 24 மீட்டர்
வகுப்பு 3: வினாடிக்கு 28 மீட்டர்

20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம். 7 பல் சக்கரத்தில் 3/8 அங்குலச் சங்கிலி பூட்டிய மிஷின், நிமிடத்திற்கு 9,000 சுற்று சுற்றும்போது சங்கிலி இந்த வேகத்தில் ஓடுகிறது. மரத்தில் படாமல் முழு விசையில் ஓடினால் வேகம் இதையும் தாண்டும். எனவே ஓர் அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் இடையே விசையை விட்டுவிடுவது அவசியம். கவசம் காயத்தைக் குறைக்குமே தவிர, அறுபடாத உடை என்று உலகில் எதுவும் இல்லை.

மின்சாரத்தில் ஓடும் ரம்பத்திற்கு இழுவிசை விடாமல் இருப்பதால், இழைகள் சுற்றினாலும் அது உடனே நிற்காமல் போகலாம். அத்தகைய மிஷின் வைத்திருப்போர் அதற்கும் இந்த உடை பொருந்துமா என்று கேட்டு வாங்குவது நலம்.

வெயிலுக்கு ஏற்றது எது?

வகுப்பு எண் கூடக் கூட அடுக்குகளும் கூடும். கனமும் புழுக்கமும் கூடும். கத்திரி வெயிலில் வகுப்பு 3 'சி' ரக பேண்ட்டை அணிந்து அரை மணி நேரம் வேலை செய்தவர், மறுநாள் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கைலியோடு போய்விடுவார். ஆணியில் தொங்கும் கவசத்தால் காலுக்குப் பிரயோஜனம் இல்லை. வேலை முடியும்வரை கழற்றாமல் அணியக்கூடியது எதுவோ, அதுவே நல்ல கவசம்.

நம் பக்கத்துச் சிறு விவசாயிகள் தரையில் நின்று சீமைக் கருவேல், விறகு, சாய்ந்த தென்னை ஆகியவற்றை அறுப்பதற்கு வகுப்பு 1 முன்கவசம் தோதானது. பின்பக்கம் திறந்திருப்பதால் காற்று புகும், வியர்வை காயும். மிஷினை நிறுத்திவிட்டு நிழலில் உட்காரும்போது பட்டைகளைக் கழற்றி உடனே எடுத்துவிடலாம். முழு பேண்ட் விரும்புவோர் 'ஏ' ரகத்தில், பின்துணி மெல்லியதாகவும், தொடைக்குப் பின்னால் காற்றுத் திறப்பு உள்ளதாகவும் பார்த்து எடுக்கலாம். பெரிய மிஷினைக் கொண்டு புளி, வேம்பு போன்ற பருத்த மரங்களை நாள்தோறும் அறுக்கும் தொழிலாளர் வகுப்பு 2 வாங்குவது உசிதம்.

மரத்தில் ஏறி அறுப்போருக்கு முன்கவசம் கூடாது. அதன் பட்டைகள் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். மேலும், மரத்தின் மேல் நிற்கும்போது கால் எந்தப் பக்கமும் திரும்பும். அவர்களுக்கு 'சி' ரக முழு பேண்ட்டே ஏற்றது. புழுக்கத்தை நேரத்தால்தான் சமாளிக்க வேண்டும்.

முன்கவசத்திற்கு உள்ளே மெல்லிய பருத்தி பேண்ட் அணிக. கைலியின் மேல் கவசம் கட்டினால் பட்டைகள் நிற்காது. முழு பேண்ட்டுக்குள் பருத்தி அரைக்கால் சட்டை போதும். வெளிர் நிறத்தில் கிடைத்தால் சூடு சற்றுக் குறையும்.

அளவு பார்த்தல்

கவசம் தொடை இடுக்கிலிருந்து பாதத்தின் மேல்பக்கம் வரை வர வேண்டும். குட்டையாக இருந்தால் கெண்டைக்கால் வெளியே தெரியும். நீளமாக இருந்தால் தடுக்கி விழச் செய்யும். வெளிநாட்டு அளவில் வரும் உடைகள் நம்மவர்க்கு நீளமாக இருப்பதுண்டு. அதற்காகத் தையற்காரரிடம் கொடுத்து வெட்டி மடித்துத் தைக்கக் கூடாது. காப்பு அடுக்கின் மேல் ஊசித் தையல் விழுந்தால் இழைகள் உருவிக்கொண்டு வர முடியாமல் பிணைந்துவிடும். அந்த இடத்தில் கவசம் வெறும் துணிதான். வாங்கும்போதே கட்டிப் பார்த்து, குனிந்து, குந்தி எழுந்து பார்க்க வேண்டும்.

பட்டைகள் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். வெயிலுக்காகக் கீழ்ப்பட்டையைக் கழற்றிவிட்டால், சங்கிலி பட்டவுடன் கவசம் ஒரு பக்கமாகத் திரும்பிக் காலைக் காட்டிவிடும்.

துவைப்பதும் பாதுகாப்பதும்

சங்கிலி எண்ணெயும் மண்ணும் ஊறினால் இழைகள் ஒட்டிக்கொண்டு உருவ மாட்டா. வியர்வை மிகுந்த வெயில் காலத்தில் அடிக்கடி அலச வேண்டியிருக்கும். சாதாரணத் தண்ணீரில் சோப்புத் தூளைக் கரைத்துக் கையால் அலசி, நிழலில் உலர்த்துக. கல்லில் அடித்துத் துவைப்பதும், பிளீச்சிங் பவுடர் போடுவதும், இஸ்திரி போடுவதும் கூடாது. கெவ்லார் நூல் வெயிலிலும் பிளீச்சிங் பவுடரிலும் வலுவிழக்கும். மிஷினின் புகைக்குழாய் சூடாக இருக்கும்போது கவசத்தின் மேல் வைக்கக் கூடாது.

மேல் துணியில் முள் கிழித்த சிறு கிழிசலை உள் அடுக்கைத் தொடாமல் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு தடவை சங்கிலி பட்டு உள்ளிழைகள் வெளியே வந்துவிட்டால், அதன் வேலை முடிந்தது. காலைக் காப்பாற்றிய கவசத்திற்கு நன்றி சொல்லிப் புதிது வாங்க வேண்டியதுதான்.

நேரமும் தண்ணீரும்

எந்தக் கவசமாக இருந்தாலும் உடல் சூடு கொஞ்சம் கூடத்தான் செய்யும். வெயில் காலத்தில் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் அறுப்பை முடித்துவிட வேண்டும். மீதியை மாலை 4 மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். வெட்டிய கிளைகளை இழுப்பதும் அடுக்குவதும் கவசம் இல்லாமல் செய்யக்கூடிய வேலைகள். இரண்டு பேர் இருந்தால் மாறி மாறி மிஷினைப் பிடிக்கலாம்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், உப்புப் போட்ட மோர், நீராகாரம் அருந்துக. தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு கண்டால் உடனே மிஷினை நிறுத்திவிட வேண்டும். உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைக் குளிரவைத்து, 108-க்குச் சொல்ல வேண்டும். களைத்த கையில்தான் ரம்பம் தவறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தனியாளாக மரம் அறுக்கப் போகக் கூடாது. காலில் வெட்டுப்பட்டால் காப்பித் தூள், மண், சுண்ணாம்பு எதையும் அப்பாமல், சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் பலமாக அழுத்துக. துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 108-ஐ அழைத்துத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம்.

செலவுக்கு என்ன வழி?

தரமான முன்கவசம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆண்டில் பத்து நாள் மரம் அறுக்கும் விவசாயி அதைத் தனியாக வாங்கத் தயங்குவது இயல்பு. முன்கவசத்தின் பெல்ட்டையும் பட்டைகளையும் இடுப்புக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். ஆகையால் ஏறக்குறைய ஒரே உயரமுள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். மிஷினை வாடகைக்கு விடுவோர் அதோடு கவசத்தையும் கட்டிக் கொடுக்கலாம். எடுப்போர் கேட்டு வாங்கலாம். கூலிக்கு ஆள் வைத்து அறுக்கும் நிலச்சொந்தக்காரரும், மிஷினுக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது போல, அறுப்பவர் காலில் கவசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சங்கிலி தேய்ந்தால் அரம் போட்டுக்கொள்ளலாம்; மிஷின் பழுதானால் திண்டுக்கல்லில் உதிரிப்பாகம் கிடைக்கும். காலுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. இந்தக் கோடையில் மரம் அறுக்க எண்ணியிருக்கும் விவசாயிகள் மிஷினுக்குச் சொல்லும் முன்பே கவசத்திற்குச் சொல்லிவைப்பது நலம்.