கப்பலில் யாருக்கு விடுமுறை?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழும் முதல் கேள்வி, “இந்த முறை எங்கே?” இப்போது அந்தப் பட்டியலில் ஒரு கப்பலும் சேர்ந்திருக்கிறது: ‘டிஸ்னி அட்வென்ச்சர்’.

ஜெர்மனியின் விஸ்மார் நகரில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு வந்த கப்பல் இது. அந்த நிறுவனம் நொடித்துப்போகவே, 2022ல் டிஸ்னி இதை வாங்கியது. 2025 டிசம்பரில் தொடங்கவிருந்த முதல் பயணம் 2026 மார்ச் 10க்குத் தள்ளிப்போடப்பட்டது. சுமார் 6,700 பேர் பயணம் செய்யலாம். சிங்கப்பூரின் மரினா பே முனையத்திலிருந்து 3 அல்லது 4 இரவுப் பயணம். வழியில் எந்தத் துறைமுகத்திலும் இறங்க முடியாது. பினாங்கு, புக்கெட் பார்க்க ஆசைப்படுவோர் வேறு கப்பல் தேடலாம். இங்கே கப்பலேதான் ஊர்!

சிறுவர்களுக்குக் குறையே இல்லை. 3 முதல் 10 வயது வரை ‘ஓஷனியர் கிளப்’. கூடுதல் கட்டணம் கிடையாது. ஆனால், குழந்தை டயப்பர் பழக்கத்தை விட்டிருக்க வேண்டும். 11 முதல் 14 வயதினருக்கு ‘எட்ஜ்’, 14 முதல் 17 வரை ‘வைப்’. 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனிக் காப்பகம் உண்டு, அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். மேல்தளத்தில் 250 மீட்டர் நீள ரோலர் கோஸ்டரும் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஸ்பா, ஓய்வுக்கூடம், கடலைப் பார்த்தபடி ஒரு கோப்பை காப்பி. இந்திய உணவுக்கு ‘மௌக்லிஸ் ஈட்டரி’ இருப்பதால் தாத்தா பாட்டிக்கும் கவலையில்லை.

எல்லாம் சரி, நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறதே! “கிளப் எதுக்கு? அம்மா பார்த்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டுத் தம்பதியர் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டி, கப்பலிலும் அதே வேலையைப் பார்ப்பார். அவர் பார்க்கும் கடல், அறை ஜன்னலோடு சரி. சில வீடுகளில் அந்தப் பாட்டியின் இடத்தில் அம்மா இருப்பார்.

கிளப்புகளின் பயனே இங்குதான். காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் அங்கே விளையாடட்டும். அந்த நேரத்தில் பாட்டி என்ன செய்ய விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். மாலைக் காட்சியும் இரவு உணவும் அனைவரும் சேர்ந்திருக்கும் நேரமாக இருக்கட்டும். பிள்ளை கிளப்புக்குப் போக மறுத்தால், அப்பாவும் அம்மாவும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் புறப்படுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

பணம் கட்டுமுன் சில விஷயங்களைக் கவனியுங்கள். கப்பல் எங்கும் நிற்காவிட்டாலும் கடப்பிதழ் தேவை. அது காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான சாப்பாடு, காட்சிகள், கிளப்புகள் கட்டணத்தில் அடங்கும். மதுபானம், ஸ்பா, இணையச் சேவை ஆகியவை தனி. டிப்ஸ் சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை பொதுவாக மலிவு. தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

அறை எண்ணிக்கையை முடிவு செய்யும்போது, பாட்டிக்கு எந்த அறை என்பதையும் அவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். அவருக்கும் இது விடுமுறைதான்!