மலைச்சாலையின் உயிர் எங்கே இருக்கிறது?

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கி, நம் திருச்சியைத் தொட்டு, கோவை வழியாக நீலகிரி ஏறி, கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை வரை சென்ற நெடுஞ்சாலைக்கு முன்னாளில் 67 என்ற ஒரே எண் இருந்தது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது மலைப்பகுதிக்கு 181 என்றாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் பெருநாள் விடுமுறையில், மதரஸா மாணவர்களுடன் வாடகை வேனில் அச்சாலையில் உதகை சென்றோம். ஓட்டுநர் ஸ்ரீரங்கத்துக்காரர், இருபதாண்டு அனுபவசாலி. ஆனால் அவர் அன்றாடம் ஏறி இறங்கிய மேடு காவிரிப் பாலத்து மேடுதான்!

மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மலைச்சாலை 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரலாம் என்பது பொறியாளர்கள் இயன்றவரை கைக்கொள்ளும் அளவு. அப்படியானால் 30 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். நேராக ஓட மலையில் இடமேது? ஆகவேதான் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் 14 கொண்டை ஊசி வளைவுகள். நமக்கு அருகிலுள்ள கொல்லிமலையிலோ 70!

வளைவைவிடப் பெரிய பகை தண்ணீர். சாலைக்காக மலையைக் குடைந்தெடுக்கும்போது மேலுள்ள மண் தன் ஊன்றுகோலை இழக்கிறது. மழைநீர் ஊறினால் அம்மண்ணின் பாரம் கூடுகிறது, பிடிப்புத் தளர்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நீலகிரியெங்கும் நிலம் சரிந்தது, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், சாலைகள் துண்டிக்கப்பட்டன. இதனாலேயே மலைச்சாலையைப் பெரும்பாலும் மலைப்பக்கமாகச் சாய்த்து அமைக்கிறார்கள். நீர் உட்புற வடிகாலில் இறங்கி, சிறுபாலங்களின் அடியாகப் பள்ளத்தாக்கை அடைகிறது. தாங்கு சுவர்களில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்து, கொத்தனார் பூச மறந்துவிட்டார் என்று மாணவர் ஒருவர் சிரித்தார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் அத்துளைகள் வழியே வெளியேறாவிடில், சுவரையே தள்ளிவிடும். மழைக்காலத்திற்கு முன் வடிகாலில் சருகும் மண்ணும் அள்ளும் சாலைப் பணியாளரை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மலைச்சாலையின் உயிர் அவர் மண்வெட்டியில்தான் இருக்கிறது. இப்போது சரிவுகளில் இரும்புக் கம்பிகளை ஆணிபோல் இறக்கி, வலை போர்த்தி, புல் வளர்க்கும் முறையும் நீலகிரிக்கு வந்துள்ளது.

திரும்பும் வழியில், குன்னூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், வேனுக்குள் ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. சக்கரத்தருகே புகை! ஓட்டுநர் வேர்த்துப்போய் ஓரங்கட்டினார். தேநீர்க் கடையில் நின்ற உள்ளூர்ப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாய், பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்க வேண்டும். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்” என்றார். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்களைப் பற்றி அவர் சொன்ன சொற்களை இங்கே எழுத இயலாது.

அதே மலைப்பாதையில், மரப்பாலம் அருகே, 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசிப் பகுதிச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் உருண்டு 9 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்த நாற்றம் மீண்டும் என் மூக்கில் ஏறியது.

குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். பாதி ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது எத்துணைக் கடினம்! அன்று ஒரு மணி நேரம் சக்கரங்கள் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு இரண்டாம் கியரில், எதிரே ஏறிவந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி ஒதுங்கி, மஃக்ரிப் வேளையில் மேட்டுப்பாளையம் சேர்ந்தோம்.